வாசனை சொல்லும் உத்தியோகம்

பலாப்பழம் பழுத்து இரண்டு நாளாகியும் என் மனைவிக்கு அது தெரியவில்லை. விஷயம் வெளியே வந்தது அப்படித்தான்.

பண்ருட்டியிலிருந்து பேருந்தில் மடியில் வைத்து நான் கொண்டுவந்த பழம். மாடிப்படிக்குக் கீழே கோணி போட்டு மூடியிருந்தோம். எங்கள் வீடு புதுச்சேரியில் உப்பளம் பகுதியில், விளையாட்டு மைதானத்துக்குப் போகிற தெருவில் இருக்கிறது. மூன்றாம் வீட்டு அம்மாள் வாசலில் நின்று, "பலா அறுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தபால்காரர் கேட்டார். தெருவின் ஈக்கள் அத்தனையும் நேரில் வந்து விசாரித்தன. மனைவி மட்டும் கோணியைத் தூக்கிப் பழத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் காயாதான் கெடக்கு. வாசனையே வரல. உங்கள நல்லா ஏமாத்திட்டான்" என்றாள்.

பலா வாசனையில் எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. இருந்தாலும், "ஆமாம், ஏமாத்திட்டான்" என்று ஒப்புக்கொண்டேன். இருபத்தாறு வருட இல்வாழ்க்கையில் நான் கற்றுத் தேர்ந்த ஒரே கலை அது.

அன்று சாயங்காலம் அவள் டீ பாத்திரத்தின் மூடியைத் திறந்து முகர்ந்தாள். மூடினாள். மறுபடி திறந்து முகத்தை உள்ளேயே விட்டுவிடுவதுபோல் குனிந்தாள். நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் ஆவி பூத்திருந்தது.

"என்னங்க, எனக்கு எதுவுமே வரல."

இரண்டு வாரம் முன்னால் வந்துபோன காய்ச்சல், போகிறபோது அதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

வேறு வீடாக இருந்தால் இது பாதி வருத்தம்தான். எங்கள் வீட்டில் முழு வருத்தம். அவள் பார்த்துவந்த வேலையை விட்ட பிறகு, வீட்டின் முன்னறை ஜன்னலைத் திறந்து, சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை ஐஸ் டீ விற்றுவந்தாள்; காய்ச்சலுக்குப் பிறகு இன்னும் திறக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பழம். கொய்யா, அன்னாசி, நாவல், பன்னீர் திராட்சை என்று மார்க்கெட்டில் அன்று எது நன்றாக இருக்கிறதோ அது. மைதானத்தில் பந்து விளையாடிவிட்டு வருகிறவர்கள், சர்க்கரை குறைவதற்காக நடந்துவிட்டு அதை ஏற்றிக்கொள்ள வருகிறவர்கள், எல்லோரும் நிற்பார்கள். தூள் டீ போட்டால் குளிர்ந்ததும் கலங்கிவிடும் என்று இலை டீயாக வாங்குவாள். பழத்தைத் தனியாகச் சர்க்கரையில் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறிய டீயில் சேர்ப்பாள். எவ்வளவு சேர்ப்பது என்பதற்கு அவளிடம் கரண்டிக் கணக்கு கிடையாது. ஊற்றிக்கொண்டே முகர்வாள். ஓரிடத்தில் கை தானாக நிற்கும். நான் பார்த்தவரையில் அவள் அதைக் குடித்துப் பார்த்ததே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணிக்கு டோக்கன் வாங்கி, பன்னிரண்டு மணிக்கு டாக்டரைப் பார்த்தோம். சின்ன வயது டாக்டர். பொறுமையாகச் சொன்னார். நாக்குக்கு ஒன்றுமில்லை, இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு எல்லாம் தெரியும். வாசனைதான் போயிருக்கிறது. கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, தைலம், நாலையும் தினம் இரண்டு வேளை முகர்ந்து பழக வேண்டும். திரும்பி வரலாம், மாதக்கணக்கில் ஆகலாம்.

"வராமயும் போவலாமா?" என்று அவள் கேட்டாள்.

"போகலாம்மா" என்றார் டாக்டர். அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. என் பழக்கம் அப்படி.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலை ஒரேயடியாகச் சாத்திவிடப்போவதாகச் சொன்னாள். "கொய்யாவும் அன்னாசியும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்குது. ரெண்டும் புளிப்புத் தண்ணி. இத எப்பிடி நாலு பேருக்குக் குடுக்கிறது?"

"நான் இருக்கேனே, நான் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். மூக்கு போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்பதால் நான் அவமானத்தைப் பெரிதுபடுத்தவில்லை.

மறுநாள் காலை ஒரு கண்ணாடி தம்ளரில் இளஞ்சிவப்பாக எதையோ ஊற்றி என் முன்னால் வைத்தாள். "கொய்யா. எப்பிடி இருக்குன்னு சொல்லுங்க."

ஒரு வாய் குடித்தேன். கண்ணை மூடினேன். நாலு புத்தகம் படித்தவன் என்பதால் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். "நல்லா இருக்கு. கொய்யா வாசனை நல்லா தூக்கலா வருது."

"அதுல கொய்யாவே இல்ல. பீட்ரூட்டு ரெண்டு துண்டு போட்டேன், கலருக்கு."

நான் தம்ளரைப் பார்த்தேன். தம்ளர் என்னைப் பார்த்தது.

"இருவத்தாறு வருசமா இப்பிடித்தான் சொல்லிட்டிருக்கீங்களா?" என்றாள். கேள்வி மாதிரிதான் இருந்தது. பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

ஆனாலும் வேறு ஆள் கிடைக்காததால் வேலை எனக்கே கிடைத்தது. சம்பளமில்லாத உத்தியோகத்துக்குத் தகுதி பார்க்க முடியாது. கல்லூரி நூலகத்தில் என் வேலை முடிய மூன்று மணியாகும். மூன்றரைக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. வந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு உட்கார வேண்டும். வாசனைக்கு நான், இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு மூன்றும் அவள் இலாகா. டீ அதிகம் ஊறிவிட்டால் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். "நாக்க இழுக்குது பாருங்க" என்பாள். எனக்கு இழுக்காது. என் நாக்கு அரசாங்க அலுவலக வழக்கப்படி எதையும் மெதுவாகத்தான் கவனிக்கும்.

முதல் சில நாட்கள் நான் பேசியதைக் கேட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நறுமணம் மெல்லப் பரவி நெஞ்சை வருடுகிறது" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"புத்தகத்துல இருக்கிறதெல்லாம் வேணாம். எது மாதிரி இருக்குது, அத சொல்லுங்க."

எது மாதிரி என்று யோசிக்கத் தொடங்கினேன். அவளுக்கும் தெரிந்த வாசனையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொல்லிப் பயனில்லை. நாவல்பழ டீ, மழை பெய்து விட்ட பிறகு கோயில் பிராகாரத்துக் கல்லில் கால் வைக்கும்போது வருகிற வாசனை என்றேன். பன்னீர் திராட்சை, கல்யாண மண்டபத்து வாசலில் நமக்கு முன்னால் போகிறவர்மேல் தெளித்த பன்னீர்; நம்மேல் விழுவது அல்ல, கொஞ்சம் தள்ளி இருப்பது. முலாம்பழம், உன் அக்கா வீட்டு மர பீரோ. அவள் கையில் தம்ளரைப் பிடித்தபடி கண்ணை மூடிக் கேட்பாள். "பீரோ தொறந்த உடனேயா, கொஞ்ச நேரம் கழிச்சா?" "தொறந்த உடனே." "அப்ப பழம் ஜாஸ்தி." இன்னும் கொஞ்சம் டீ ஊற்றுவாள். மறுபடி என் முகத்தைப் பார்ப்பாள்.

கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் அவளுக்குத் தேவையாக இருந்தது. என் வயதில் ஒரு மனிதனுக்கு இது தலைக்கேறாமல் இருக்குமா? ஏறியது. ஒரு மாதத்துக்குள் நான் ஆலோசனை சொல்லத் தொடங்கினேன்.

"அன்னாசியக் கொதிக்க வெக்கறதுல வாசனை பாதி போயிடுது. பச்சையா அரைச்சு, சக்கரை போட்டு ராத்திரி பூரா ஊறவெச்சுப் பாரேன்" என்றேன்.

"கெட்டுப்போவாதா?"

"சக்கரை போட்டா எப்பிடிக் கெடும்?"

ஜூலை மாதப் புதுச்சேரிப் புழுக்கத்தில், ஜாடியைச் சமையல் மேடையிலேயே விட்டுவிட்டுச் சொன்ன யோசனை இது. மறுநாள் மூன்றரைக்கு நான் வந்தபோது அவள் எல்லாவற்றையும் கலந்து முடித்திருந்தாள். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. காய்ச்சலுக்குப் பிறகு முதல் தடவையாக ஏதோ பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"லேசா நுரைக்குதுங்க. பரவால்லியா?"

குடித்தேன். அன்னாசிக்குப் பின்னாலிருந்து வேறொரு வாசனை எட்டிப் பார்த்தது. புளித்த வாசனை. நம்மூரில் யாரும் அதைப் புத்தகத்தில் தேடத் தேவையில்லை. தெருவுக்கு இரண்டு கடை இருக்கிறது. எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யோசனை என்னுடையது. அவளோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னாசின்னா நுரைக்கும்தானே. நல்லா இருக்கு" என்றேன்.

முதல் தம்ளர் எப்போதும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவருக்கு. நாலு அடித்ததும் தொப்பியோடு ஜன்னலுக்கு வந்துவிடுவார். ஒரு வாய் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு வாய் குடித்தார்.

"மதாம், இது டீயா ஒயினா? எனக்கு ஒண்ணும் ஆட்சேபண இல்ல. ஆனா வீட்டுக்காரி வாய மோந்து பாப்பா."

பின்னால் நின்ற பந்தாட்டக்காரர்கள் சிரித்தார்கள். பெரியவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார். என் மனைவியும் சிரிக்கத்தான் போனாள். பாதியில் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு ஜன்னலைச் சாத்தினாள். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்களுக்குத் தெரிஞ்சிதுல்ல?"

"தெரிஞ்சுது."

"என் மூக்கு போச்சு, சரி. அதுக்குப் பதிலா ஒங்கள வெச்சிருந்தேன். நீங்களும் பொய் சொன்னா நான் எதத்தான் நம்புறது?"

"நீ சந்தோசமா இருந்தே. அதான்."

"நான் சந்தோசமா இருந்தது நீங்க நெசம் சொல்றீங்கன்னு."

இரண்டு நாள் ஜன்னல் திறக்கவில்லை. டாக்டர் சொன்ன நாலு வாசனைகளை முகர்வதையும் நிறுத்திவிட்டாள். வருகிறவர்களிடம் உடம்பு சரியில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் பொய்தான். மூன்றாம் நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்புமுன் சாப்பாட்டில் எனக்கு ரசம் ஊற்றும்போது, யாரிடமோ கேட்பதுபோல், "இதாவது நல்லா இருக்குதா?" என்றாள்.

வழக்கமான பதில் தொண்டைவரை வந்துவிட்டது. அதை ரசத்தோடு விழுங்கினேன்.

"இல்ல. பெருங்காயம் ஜாஸ்தி. நம்ம வீட்டு ரசத்துல எப்பவுமே ஜாஸ்தி."

"எப்பவுமேன்னா?"

"கல்யாணத்துலேர்ந்து."

கரண்டி அந்தரத்தில் நின்றது. எனக்குள் என்ன திறந்துகொண்டதோ தெரியவில்லை, வரிசையாக வந்தது. கத்திரிக்காய்ச் சாதம் ஒருநாளும் எனக்குப் பிடித்ததில்லை. தீபாவளி அதிரசத்தை மூன்று வருடமாகப் புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். என் பிறந்தநாளுக்கு அவள் எடுத்த மஞ்சள் சட்டையில் நான் நகராட்சி வண்டிபோல் இருக்கிறேன்.

"ஐயோ, பாவி மனுஷா" என்றாள். அவள் முகம் சிவந்தது. "அப்ப எதுதான் நல்லா இருந்துச்சு?"

"மீன் கொழம்பு. வாழைப்பூ வடை. அப்பறம் டீ. டீ எல்லாமே. அதுல நான் பொய் சொன்னது அன்னிக்கி ஒருநாள்தான். அந்த பீட்ரூட்டையும் சேத்தா ரெண்டு."

அவள் சாப்பிட்டு முடித்தாள். அதிரசம் எந்த அலமாரி என்று மட்டும் கேட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள்.

மூன்றரைக்கு என் முன்னால் தம்ளர் வந்தது. கொய்யா. இம்முறை நிஜமான கொய்யா.

"நல்லா இல்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "வாயில வெக்கறப்ப வாசனை இருக்குது, முழுங்கினப்பறம் காணோம். பஸ்ஸுல கொய்யாக்கூடையோட ஒருத்தர் ஏறி அடுத்த ஸ்டாப்புல எறங்கிட்ட மாதிரி. டீயும் கொஞ்சம் அதிகமா ஊறிடுச்சோ?"

"டீ என் வேலை. ஒங்க வேலைய மட்டும் பாருங்க" என்றாள். பாத்திரம் முழுவதையும் சாக்கடையில் கொட்டினாள். பாதி நாள் உழைப்பு. கொட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தவளின் முதுகைப் பார்த்தால் வருத்தப்படுகிறவள் மாதிரி தெரியவில்லை. கொய்யாவைத் தோலோடு நறுக்கத் தொடங்கினாள்.

இரண்டாவது பாத்திரத்தில் கூடைக்காரர் மூன்று ஸ்டாப் வந்தார். ஜன்னல் அன்று ஐந்து மணிக்குத்தான் திறந்தது. பெரியவர் ஒரு மணி நேரமாக வாசலில் நின்றிருந்தார். முதல் தம்ளரை அவரிடம் நீட்டப் போனவள், நடுவில் நிறுத்தி என்னிடம் நீட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்தேன்.

"இன்னும் கொஞ்சம் பழச்சாறு விடணும்."

அவள் ஜாடியை எடுத்து மெதுவாக ஊற்றினாள், என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். நான் கையைத் தூக்கியதும் நிறுத்தினாள். வேறு தம்ளரில் ஊற்றிப் பெரியவரிடம் கொடுத்தாள்.

"தாமசமாயிடுச்சு, மன்னிச்சிக்குங்க முசியே" என்றாள். "மொதல்ல போட்டது இவருக்கு நல்லா இல்லியாம். கொட்டிட்டேன்."

பிள்ளை பரீட்சையில் தேறிய சேதியைச் சொல்வதுபோல் இருந்தது அவள் குரல்.