பிளாஸ்திரி ஒட்டிய பொத்தான்கள்

வங்காளத்துச் சால்ட் லேக்கில் எங்கள் ஆய்வுக்கூட லிஃப்டை இயக்கியவர், மே மாதத்திலும் மஃப்ளர் சுற்றியிருப்பார். ஏறுகிறவர்கள் அவரை முந்திக்கொண்டு கண்ட பொத்தானையும் அழுத்துவதால், தேவையில்லாதவற்றின்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிடுவது அவர் வழக்கம்.

அப்போது நான் ஆற்றுநீரின் உப்பு அளவுகளை எல்லோரும் எடுத்துக்கொள்ள ஒரு வலைப்பக்கம் செய்திருந்தேன். விஞ்ஞானிகள் ஆளுக்கொரு பொத்தான் கேட்டு, மொத்தம் இருபத்தாறு ஆகிவிட்டது. 'அளவுகளை எங்கேதான் எடுப்பது?' என்று வெளியூர் மாணவர்களின் மின்னஞ்சல்கள் குவிந்தன. லிஃப்டில் புலம்பினேன்.

"பிளாஸ்திரி ஒட்டுங்க, தீதி" என்றார் வங்க மொழியில்; தீதி என்றால் அக்கா.

"விஞ்ஞானிங்க சண்டைக்கு வருவாங்களே?"

"வரமாட்டாங்க. இங்கே ஒருத்தராவது பொத்தானைக் காணோம்னு கேட்டிருக்காங்களா?"

அன்றே இருபத்தைந்தை மறைத்தேன். 'டவுன்லோட்' மட்டும் மிச்சம். மின்னஞ்சல்கள் நின்றன. விஞ்ஞானிகள் வாயே திறக்கவில்லை.

நன்றி சொல்லப் போனபோதுதான் கவனித்தேன், ஐந்தாம் மாடிக்கும் பிளாஸ்திரி. அங்கே இருப்பது இயக்குநரின் அறை மட்டும். அவரோ உடம்புக்கு நல்லதென்று படியேறுகிறவர்.

"ஐயோ, இது டைரக்டர் மாடியாச்சே!"

மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒட்டி ஒரு மாசம் ஆச்சு, தீதி. இன்னும் ஒருத்தரும் கேட்கலே."