கடல் மட்டத்திலிருந்து என் கவுண்டர் வரை

விளையாட்டு வாட்ச் விற்பவனுக்கு மழை, கரண்ட் கட், எதிர்க் கடை எல்லாம் அப்புறம்தான். முதல் எதிரி கடல் மட்டம்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று சம்பளம் வாங்கும் அன்பர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடை. ஊரில் பாதிப் பேர் காலையில் எழுந்து நடக்கவும் ஓடவும் ஆரம்பித்திருந்த நேரம். விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போவேன். எனக்குக் கொடுத்திருந்தது ஜிபிஎஸ் வாட்ச் கவுண்டர். எவ்வளவு தூரம் ஓடினோம், எவ்வளவு உயரம் ஏறினோம் என்று கையிலேயே காட்டுகிற சாமான். தூரத்துக்காக ஒருத்தரும் சண்டைக்கு வந்ததில்லை. உயரம்தான். உயரம் தப்பு என்று வாட்ச் திரும்பி வர வர முதலாளியின் முகம் சுருங்கும். ஒருநாள் சொல்லியே விட்டார்: பொங்கல் வரைக்கும் பார்ப்பார், அதற்குள் இது அடங்காவிட்டால் மொத்த ஸ்டாக்கும் கம்பெனிக்குத் திரும்பும், நான் ரீசார்ஜ் கவுண்டருக்குப் போக வேண்டியதுதான். எனக்கோ குரலே எழும்பாது. ஆனால் அந்தக் கவுண்டரை விடுவதாக இல்லை.

மாமாவும் மச்சினனும்

கிளியனூர்ப் பக்கத்து மாமாவும் மச்சினனும் ஒரே நாளில் ஒரே மாடல் வாங்கினார்கள். காலையில் புதுச்சேரி ரோட்டில் ஒன்றாகத்தான் நடப்பார்கள். அடுத்த வாரமே கடைக்கு வந்து, இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் கவுண்டர் மேல் வைத்தார்கள். மாமாவின் கை இருபது மீட்டர் என்றது, மச்சினனின் கை முப்பத்தைந்து என்றது. மச்சினனுக்கு உள்ளூரச் சந்தோஷம். மாமாவுக்குச் சந்தோஷம் இல்லை.

பொறுமையாகச் சொன்னேன். சாட்டிலைட் எல்லாம் தலைக்கு மேலே இருக்கிறது, காலுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. அதனால் எந்த இடம் என்பதை நன்றாகவே சொல்லும், எவ்வளவு உயரம் என்பதில் தடுமாறும். ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் ஊர்ப் பேருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். அங்கே நின்று அந்த எண்ணை வாட்ச்சில் போட்டுக்கொண்டால் இரண்டும் ஒத்துப்போகும். மச்சினன் தலையாட்டினார். மாமா அவரைக் காட்டிச் சொன்னார்:

“இத்தினி நாளா இவன் என் தலைக்கு மேலயே நடந்துகினு வந்திருக்கான். இப்ப பலகையக் காட்டித்தான் கீழ இறக்கணுமா?”

படுத்தபடியே ஏறியவர்

உயரத்தை அளக்க இந்த வாட்ச்சுகளில் இன்னொரு வழியும் உண்டு. பக்கவாட்டில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருக்கும். அதன் வழியாக வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பார்க்கும். மேலே ஏற ஏற அழுத்தம் குறையும். குறைந்தால் ஏறிவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். மலை ஏறாமலே அழுத்தம் குறைகிற ஊரில் நாம் இருக்கிறோம் என்பதுதான் சிக்கல்.

விழுப்புரத்தில் ரைஸ்மில் வைத்திருந்த பெரியவர் ஒருவர், டாக்டர் நடக்கச் சொன்னார் என்று ஆடித் தள்ளுபடியில் வாங்கிப் போயிருந்தார். கார்த்திகையில் புயல் சின்னம் வந்து இரண்டு நாள் கொட்டித் தீர்த்தது. வீட்டை விட்டே வெளியே வராத மனிதரை வாட்ச் நூறு மீட்டருக்கு மேல் ஏற்றி வைத்திருந்தது. மழை விட்டதும் கடைக்கு வந்தார். அடுத்த ரிட்டர்ன் என்று முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் காற்றழுத்தம், புயல் என்று ஆரம்பித்து, எண்ணைச் சரிசெய்து தருகிறேன் என்று கையை நீட்டினேன். பெரியவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

“நீ ஒண்ணும் மாத்த வேணாம்பா. வியாழக்கிழமை டாக்டராண்ட போறேன், இத்த அப்பிடியே காட்டிடறேன்.”

விற்காத வாட்ச்

கண்டாச்சிபுரத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கையில் ரொக்கம். இருப்பதிலேயே விலை கூடிய வாட்ச் வேண்டும் என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. எதற்கு என்று கேட்காமல் விற்றிருக்கலாம். கேட்டேன். அவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருக்கும் கழனி மேட்டில் இருக்கிறதா, பக்கத்துக் கழனி மேட்டில் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமாம். மழைத் தண்ணீர் யார் பக்கம் வடிய வேண்டும் என்று பக்கத்துக் கழனிக்காரரோடு இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை நின்றிருக்கிறது. இந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்தால் தீர்ந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு ஜாண் வித்தியாசத்துக்கு நடக்கும் சண்டை அது. இந்த வாட்ச் சில சமயம் தென்னை மர உயரத்துக்குத் தப்பும். இதை நம்பி அவர் வாய்க்கால் வெட்டினால், வாட்ச் என்னிடம் திரும்பி வரும், தண்ணீர் அவரிடம் திரும்பி வரும். வேண்டாம் ஐயா என்றேன். கட்டட வேலைக்காரர்கள் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் குழாய் போதும் என்று சொல்லி அனுப்பினேன். முதலாளி கல்லாவில் பேனாவைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார். விவசாயி படியிறங்கப் போனவர் திரும்பி வந்தார்.

“விக்க மாட்டேன்னு சொல்ற கடைய இன்னிக்குத்தான் பாக்கறேன். அந்தக் கொழாயாச்சும் உங்ககிட்ட கீதா?”

உச்சியில் கடல்

மார்கழி பிறந்த பிறகு பிலோமினா டீச்சர் வந்தார். பி.டி. டீச்சர். மலை ஓட்டம் ஒன்றுக்குப் பேர் கொடுத்திருந்தார். மலைப்பாதையில் ஓடிப் பழக்கம் உண்டு என்பதற்கு, ஏறிய உயரத்தின் பதிவை வாட்ச்சிலிருந்து எடுத்து அனுப்ப வேண்டுமாம். நம்ம பக்கம் ஏது மலை. கிடைத்த பெருமுக்கல் குன்றில் வாரா வாரம் ஏறி இறங்கியிருக்கிறார். வாட்ச்சில் பார்த்தால், மாடிப்படி ஏறிய அளவுக்குக்கூட உயரம் இல்லை. பதிவு போதாது என்று பதில் வந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று வாட்ச்சைக் கழற்றி வைத்தார். அது திரும்பினால் என் கவுண்டரும் போகும் என்று முதலாளியின் முகத்திலேயே தெரிந்தது. ஒரே ஒரு தடவை நானும் கூட வருகிறேன் டீச்சர் என்றேன். என்ன நினைத்தாரோ, சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக அடிவாரத்துக்கு வந்தார். ஒரு கையில் அவருடைய வாட்ச், இன்னொரு கையில் எங்கள் கடை ஷோகேஸில் கிடக்கும் டெமோ பீஸ். அடிவாரத்தில் இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டோம். டெமோ பீஸ் எங்களோடு ஏறியது. டீச்சர் வாட்ச்சின் எண் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. உச்சிக்குப் போய்ப் பாறை மேல் வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். டீச்சர் வாட்ச் மெல்ல இறங்க ஆரம்பித்தது. பூஜ்ஜியத்தைத் தாண்டி மைனஸுக்குப் போனது. வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். அந்த ஊசிமுனை ஓட்டையின் மேல், கண்ணுக்கே தெரியாத மெல்லிசில், பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் தாள். உள்ளே அடைபட்ட காற்று வெயிலில் சூடேறி அழுத்த, கடலுக்கு அடியில் போய்விட்டோம் என்று வாட்ச் நினைத்திருக்கிறது. டீச்சர் எட்டி எண்ணைப் பார்த்தார்.

“இம்மாந்தூரம் ஏறி வந்து கடலுக்கு அடியில நிக்கிற மொத ஆளு நானாத்தான் இருப்பேன்.”

ரஃபியின் கைங்கரியம்

பக்கத்துக் கவுண்டர் ரஃபிக்குத் தொழிலே உறை போடுவது. போன், கால்குலேட்டர், பைக் சாவி, எது கையில் கிடைத்தாலும் கீறல் படாமல் லேமினேஷன் ஒட்டிவிடுவான். தீபாவளிக்குப் புது ஷீட் வந்ததிலிருந்து, என்னிடம் வாட்ச் வாங்கினவர்களை அன்பாகக் கூப்பிட்டு, இலவசமாகச் சுற்றிலும் ஒட்டி அனுப்பியிருக்கிறான். ரிட்டர்ன் கூடியதும் தீபாவளிக்குப் பிறகுதான். விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கு முகம் செத்துவிட்டது.

“வாட்ச்சுக்கு மூக்கு இருக்குன்னு எனக்கு யார்டா சொன்னது? பேஜாரு புடிச்ச சாமானா இருக்குதே.”

உரிப்பு வைபவம்

வாங்கினவர்களை எல்லாம் கூப்பிட்டு உரித்துக் கொடுக்க வேண்டும் என்றேன். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. தப்பு நம்முடையது என்று நாமே ஊருக்குத் தமுக்கு அடிப்பதா என்றார். எனக்குக் கத்த வராது. அதனால் அதே வார்த்தையை அதே குரலில் மறுநாளும் சொன்னேன், அதற்கடுத்த நாளும் சொன்னேன். கடைசியில் போனை என் பக்கம் நகர்த்தினார். பலரும் வந்தார்கள். சிலர் உயரம் எப்படிப் போனாலும் பரவாயில்லை, பளபளப்பு போகக் கூடாது என்று உரிக்க விடாமல் கையோடு கொண்டுபோனார்கள்.

உரித்த வாட்ச்சோடு டீச்சர் மறுபடி பெருமுக்கல் ஏறி, புதுப் பதிவை அனுப்பினார். பொங்கலுக்கு முந்தின வாரம் கடைக்குள் நுழைந்தவரைப் பார்த்ததும் முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். மலை ஓட்டத்தில் பேர் சேர்ந்துவிட்டதாம். ஆனாலும் ஏறும்போது ஒரு உயரம், இறங்கி வந்தால் அதே அடிவாரத்தில் நாலைந்து மீட்டர் வித்தியாசம் காட்டுகிறது என்றார். வெயில் ஏற ஏறக் காற்றழுத்தம் மாறும், அந்த அளவு இருக்கத்தான் செய்யும் டீச்சர் என்றேன். கூட வந்திருந்த இன்னொரு டீச்சரை அவர் முன்னால் இழுத்து நிறுத்தினார்.

“இருந்துட்டுப் போவுது தம்பி. ஏறின ஒசரத்துக்கும் என் முட்டி வலிக்கும் கணக்கு சரியா இருக்குது. இவங்களுக்கும் அதே மாடல் ஒண்ணு குடு, அந்த லேமினேஷன் பையன் கண்ணுல படறதுக்குள்ள ஜல்தியா கட்டிவுடு.”

கவுண்டர் தப்பித்தது, முதலாளியும் ஒருவழியாகச் சிரித்தார், ஆனால் இன்றைக்கும் யாராவது விழுப்புரம் எவ்வளவு உயரம் என்று கேட்டால் எந்த வாட்ச்சில் என்று திருப்பிக் கேட்காமல் எனக்குப் பதில் வருவதில்லை.