மசக்கைக்கு ஒரு பொட்டலம்

1982இல் கிள்ளானை ஒட்டிய பண்டமாரானுக்குக் குடிவந்தபோது ரமணிக்கு வயது இருபத்து மூன்று. காப்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அவள் தகப்பன் அய்யாவு, பார்த்து வைத்த மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவள் விஜயனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளோடு பேசுவதில்லை. தாய் உயிரோடு இல்லை. விஜயனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. போனால் ஆறு மாதம், சில சமயம் ஏழு.

கர்ப்பமாகி இரண்டாவது மாதத்திலேயே மசக்கை அவளைப் படுக்கையில் தள்ளிவிட்டது. பக்கத்து வீட்டில் கடுகு வெடித்தால் வாந்தி. ரோட்டில் போகும் லோரியின் டீசல் வாடைக்கும் வாந்தி. தண்ணீர்கூட நிற்கவில்லை. விஜயன் இரண்டு நாள் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் கப்பல் ஏற வேண்டும். கிளம்புவதற்கு முன், பேப்பரில் மடித்த ஒரு சின்னப் பொட்டலத்தை அவள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தான்.

“கப்பல்ல தலைசுத்துனா நாங்க இதத்தான் இழுப்போம். கஞ்சாதான், பயப்படாத. பச்சிலைதானே? ரொம்ப முடியலன்னா மட்டும் ரெண்டு இழுப்பு இழு.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

நான்கு நாள் ரமணி அதைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் வாந்தியில் ரத்தக் கீற்றைப் பார்த்ததும் பொட்டலத்தைப் பிரித்தாள். இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் இருந்த புரட்டல் அடங்கியது. பல நாளைக்குப் பிறகு ஒரு தட்டு ரசம் சோறு சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, அது உள்ளேயே தங்கிவிட்டது என்று தெரிந்ததும் அழுதாள்.

இரண்டு இழுப்பு நான்கானது. தினமும் என்றானது. பகல் பன்னிரண்டு மணி வெயிலில் ஜன்னல்களை எல்லாம் சாத்திக்கொண்டு, புழுங்கும் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாள். அந்தக் காலத்தில் ரேடியோவிலும் சுவரொட்டியிலும் போதைப் பொருள் பற்றித்தான் பேச்சு. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றாலே போலிஸோ என்று ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்ப்பாள்.

பக்கத்து வீட்டுச் சீதாலெட்சுமி மட்டும்தான் அவ்வப்போது கஞ்சி கொண்டுவந்து கொடுப்பாள். ஒருநாள் வேலியோரம் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஒங்க வீட்டுல என்னமோ வாசம் வருதுலா, ரமணி.”

“கொசுவுக்கு வேப்பிலை போட்டேன்க்கா.”

சீதாலெட்சுமி வேலியிலிருந்து கையை எடுத்தாள். “எங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்குதுங்க. பார்த்துக்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு கஞ்சி வரவில்லை. துணி காயப்போடும்போது எதிரே பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஐந்து வாரம் இப்படிப் போனது. கிளினிக்கில் எடை பார்க்கும் நாள் வந்தது. அங்கே இருந்த நர்ஸ் மார்க்கிரட் மிஸ்ஸி, முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் சிரிக்காதவள், அட்டையைப் பார்த்துவிட்டு, “எடை ஏறல. என்ன சாப்பிடுற?” என்று கேட்டாள்.

சாப்பிடுகிறேன் என்று சொல்லத்தான் ரமணி வாயைத் திறந்தாள். ஆனால் பல நாளாக யாரோடும் பேசாத வாய் வேறு எதையோ கேட்டுவிட்டது.

“மிஸ்ஸி, கஞ்சா பச்சிலைதானே? வாந்திக்கு இழுத்தா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

மார்க்கிரட் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். பேனாவை மூடி வைத்தாள்.

“எத்தனை நாளா?”

“அஞ்சு வாரம்.”

“பச்சிலைன்னா கெடுதி இல்லன்னு யார் சொன்னா? நீ இழுக்கிறது ஒன் ரத்தத்துல கலந்து பிள்ளைக்கும் போகுது. பிள்ளை சின்னதா பொறக்கலாம். நாளுக்கு முந்தியே பொறக்கலாம். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லன்னு எந்த டாக்டராலயும் அளவு சொல்ல முடியாது. அதனால இனிமே ஒரு இழுப்பும் வேணாம்.”

“அது இல்லன்னா தண்ணிகூட நிக்கலயே, மிஸ்ஸி.”

“இந்த மாதிரி வாந்திக்கு ஆஸ்பத்திரியில ட்ரிப் ஏத்துவாங்க. கர்ப்பத்துல கொடுக்கிற மருந்து இருக்கு. மொதல்லயே ஏன் சொல்லல?”

“யார்கிட்ட சொல்றது?”

மார்க்கிரட் பேனாவைத் திறந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதத் தொடங்கினாள்.

“போலிஸுக்குச் சொல்லிடுவீங்களா?”

“நான் நர்ஸு. டாக்டருக்கு மட்டும் சொல்லுவேன். மருந்து குடுக்க அவருக்குத் தெரியணும்.”

ரமணி வீட்டுக்குப் போய் மிச்சத்தைக் கக்கூஸில் கொட்டினாள். இரண்டு சேலையைப் பையில் போட்டுக்கொண்டு தனியாகவே பஸ் ஏறி கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஆறு நாள் படுக்கை. கையில் ட்ரிப். முதல் மூன்று நாள் தூக்கமே இல்லை. எரிச்சலும் நடுக்கமுமாக இருந்தது. மத்தியானம் பார்வை நேரம் வந்தால் வார்டு நிறைந்துவிடும். மற்ற பெண்களுக்கு அடுக்குப் பாத்திரத்தோடு மாமியாரும் அக்காவும் வருவார்கள். ரமணி சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் படுத்துக்கொள்வாள். மருந்தில் வாந்தி முழுவதும் நிற்கவில்லை. பாதியாகக் குறைந்தது. ஆறாம் மாதம்வரை பிஸ்கட்டும் சோற்றுக் கஞ்சியுமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

பெண் குழந்தை மூன்று வாரம் முந்திப் பிறந்தது. எடை இரண்டு கிலோவும் கொஞ்சமும். மாலினி என்று பெயர் வைத்தாள். மார்க்கிரட் ஒருமுறை வார்டுக்கு வந்து பார்த்தாள்.

“என்னாலயா, மிஸ்ஸி?”

“தெரியல, ரமணி. நீ சரியா சாப்பிடாததும் காரணமா இருக்கலாம். அதுவும் காரணமா இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமயும் சில பிள்ளைங்க இப்படிப் பொறக்கும். ஒன்னாலதான்னு நான் சொல்ல மாட்டேன். இல்லன்னும் சொல்ல முடியாது.”

பொய்யாக ஆறுதல் சொல்லியிருந்தால் ரமணி அதைப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஆனால் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் என்று அவளை மறக்கவும் முடியவில்லை. அடுத்த வருடம் மார்க்கிரட் தைப்பிங்குக்கு மாற்றலாகிப் போய்விட்டாள்.

விஜயன் வந்ததும் ரமணி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தான்.

“வாந்தி நின்னுச்சா இல்லையா? பிள்ள நல்லாத்தானே இருக்கு? சும்மா போட்டுக் கொழப்பிக்காத.”

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாலினி மெலிந்த உடம்பானாலும் நோய்நொடியில்லாமல் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் நடுத்தரமாகப் படித்தாள். வாய்ப்பாட்டில் ஒரு வரியை மறந்துவிட்டு மேலே பார்த்து அவள் நிற்பது மற்ற தாய்மாருக்குச் சாதாரணமாகப் போயிருக்கும். ரமணிக்கு மட்டும், அதனால்தானோ என்று, அடுப்படியில் கை அப்படியே நின்றுவிடும்.

1991இல் மறுபடி கர்ப்பம். மறுபடி அதே வாந்தி. விஜயன் அப்போது ஊரில்தான் இருந்தான். “வேணும்னா கொஞ்சம் வாங்கியாரட்டா?” என்று கேட்டான்.

“வேணாம். டாக்ஸி பிடிச்சிட்டு வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

அந்தக் குரலை அவன் அதற்கு முன் கேட்டதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போய் டாக்ஸி கொண்டுவந்தான்.

பையன் நாள் நிறைந்து பிறந்தான். மூன்று கிலோ இருநூறு. தாதி எடையைச் சொன்னபோது விஜயன் சந்தோஷத்தில் எல்லோருக்கும் கோப்பி வாங்க ஓடினான். ரமணி பையனை மார்போடு அணைத்துக்கொண்டாள். கொழுகொழுவென்று இருந்த அந்தத் தொடையைத் தடவிப் பார்க்கப் பார்க்க, ஒன்பது வருடத்துக்கு முன் துணிக்குள் சுருண்டு கிடந்த கால்கள் கண்ணுக்குள் வந்தன. அழுகை வந்துவிட்டது.

பக்கத்துக் கட்டில்காரி பார்த்துவிட்டுச் சொன்னாள். “ஆம்பளப் பிள்ளைன்னு சந்தோஷம், இல்லக்கா?”

ரமணி ஆமாம் என்று தலையாட்டினாள்.