தெருவை அகலமாக்கிய லென்ஸ்

காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் போகும் தெருவில் என் கணவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். பெண்களை மட்டும் நான் எடுப்பேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் எல்லாம் அவர் பொறுப்பு. எழுபதுகளின் தொடக்கத்தில் என் நாத்தனார் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒரு வைடு ஆங்கிள் லென்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். கணவர் அதை அடுத்த முகூர்த்தத்திலேயே மாட்டி, மாப்பிள்ளை வீட்டாரை மொத்தமாக நிற்கவைத்து எடுத்தார். எல்லோரும் படத்துக்குள் வந்துவிட்டார்கள். ஆனால் ஓரத்தில் நின்ற சம்பந்தியம்மாள் இரண்டு ஆள் அகலத்துக்கு வந்திருந்தார். படம் கொடுத்த அன்றைக்கே திரும்பி வந்தது.

"இது மனுசங்கள எடுக்கறதுக்கு இல்ல. ஊர எடுக்கலாம். ஊரு வந்து சண்ட போடாது" என்று சொல்லி லென்ஸைப் பீரோவில் வைத்துவிட்டார் கணவர். ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எதிர்ச்சாரியில் ஒருவர் லாட்ஜ் நடத்தினார். மெட்ராஸிலிருந்து கோயில் பார்க்க வருகிறவர்களும், சில சமயம் வெள்ளைக்காரர்களும் அங்கே தங்குவார்கள். அவர்களுக்குக் கொடுக்கப் படம் போட்ட அட்டையும், புதுவருஷத்துக்கு ஒரு காலண்டரும் அச்சடிக்க நினைத்தார்.

"கோபுரமும் தெரியணும், நம்ம லாட்ஜும் தெரியணும்மா. ஒரே படத்துல" என்றார்.

வழக்கமான லென்ஸை வைத்துக்கொண்டு எங்கள் சுவரோடு முதுகு ஒட்டி நின்றாலும் ஏதாவது ஒன்றுதான் விழுந்தது. நான் பீரோவைத் திறந்தேன்.

"நீ நடுத்தெருவுல நின்னுக்கினு படம் எடுக்கப் போறியா?" என்றார் கணவர்.

"லாட்ஜு தெருவுலதானே இருக்குது" என்றேன்.

முதல் சுருள் முழுக்க வீண். கேமராவை அண்ணாந்து பிடித்ததில் கோபுரம் மயக்கம் போட்டவர் மாதிரி பின்னால் சாய்ந்திருந்தது. கேமராவை நேராகப் பிடித்தபோது பாதிப் படம் வெறும் ரோடு. கிட்டத்தில் ஏதாவது ஒன்று இருந்தால்தான் அந்த லென்ஸில் படம் படமாக இருக்கும் என்று புரிந்தது. அதனால் ஒரு காலையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, லாட்ஜ் வாசற்படிக்கு எதிரே தெருவில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். தறிக்குப் பாவு நூல் மூட்டையோடு சைக்கிளில் போனவர் இறங்கி நின்று, "இன்னாமா, இன்னாத்த தொலைச்சிட்ட?" என்று கேட்டு, என்னோடு சேர்ந்து தரையில் தேட ஆரம்பித்தார். அவரை அனுப்பிவிட்டு எடுத்தேன்.

படம் பிரமாதமாக வந்தது. வாசற்படி அரண்மனைப் படி மாதிரி விரிந்திருந்தது. தெரு பாலாறு மாதிரி அகலம். கோடியில் கோபுரம் நிமிர்ந்துதான் நின்றது, ஆனால் லாட்ஜின் மாடி ஜன்னல் உயரத்தைத் தாண்டவில்லை.

"கோபுரம் கொஞ்சம் சின்னதா பூடுச்சுங்க" என்றேன், பயந்துகொண்டே.

லாட்ஜ்காரர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "அது எப்பவும் பெரிசாத்தானேமா இருக்குது. நம்ம காலண்டர்ல ஒரு வருசம் சின்னதா இருந்தா இன்னா ஆயிடப் போவுது?"

அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தார். கொஞ்ச நாளில் ஒரு குடும்பம் அந்த அட்டையோடு லாட்ஜ் வாசலிலேயே வந்து நின்று, லாட்ஜுக்கு வழி கேட்டது. இதுதான் என்று லாட்ஜ்காரரே வெளியே வந்து சொன்னார். "இது இல்லீங்க, அது பெரிய எடம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் மேற்கொண்டு நடந்துபோனார்கள்.

லாட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி ஓட்டல். அதன் முதலாளிக்கும் ஒரு காலண்டர் போயிற்று. தன் ஓட்டல் அதில் கட்டைவிரல் அளவுக்கு இருந்ததை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. காலண்டரைச் சுருட்டிக்கொண்டு முனிசிபாலிட்டிக்குப் போனார். லாட்ஜ்காரர் படியைக் கட்டிப் பாதித் தெருவை வளைத்துவிட்டார் என்று புகார் கொடுத்தார். சாட்சி, நான் எடுத்த படம்.

ஓவர்சியர் ஆட்களோடும் டேப்போடும் வந்தார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"படம் பொய் சொல்லுமாம்மா?" என்றார் ஓவர்சியர், காலண்டரைக் காட்டி.

"பொய் இல்லீங்க. கிட்டக்க இருக்கறத பெரிசா காட்டும், அவ்ளோதான்."

அளந்தார்கள். லாட்ஜின் படி எல்லைக்கு உள்ளேயே அடக்கமாக இருந்தது. லாட்ஜ்காரர் எல்லோருக்கும் சோடா வரவழைத்தார். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஓவர்சியர், விரித்த டேப்பைச் சும்மா சுருட்டுவானேன் என்று தெரு முழுவதும் அளந்துகொண்டே போனார். காப்பி ஓட்டலின் தகரக் கூரையும் பாய்லர் மேடையும் ரோட்டுக்கு வந்திருந்தன. பிறகு டேப் எங்கள் பக்கம் திரும்பியது. மணப்பெண் படங்களை வைத்திருந்த எங்கள் ஷோகேஸும் வந்திருந்தது.

ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். படத்தில் இருந்த அகலத்துக்கு இல்லாவிட்டாலும், தெரு நிஜமாகவே கொஞ்சம் அகலமானது. மணப்பெண்கள் உள்சுவரில், ஆணிக்கு இருவராகத் தொங்கினார்கள்.

அப்போதுதான் காப்பி ஓட்டல்காரர் ஸ்டுடியோவுக்குள் வந்தார். சண்டைக்கு என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கூரைய எடுத்ததுலேர்ந்து கடை சின்னதா தெரியுதுமா. அந்த லென்ஸ்ல நமக்கும் ஒண்ணு எடுத்துக் குடேன்."

கணவர் என்னைப் பார்த்தார். நான் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கடை பெரிதாகத் தெரிய நான் வாசலுக்கு மிக அருகில் நிற்க வேண்டியிருந்தது. வாசலிலோ, நகரச் சொன்னாலும் நகராமல், டம்ளரும் கையுமாக அவரே நின்றார். கடை நன்றாகவே விரிந்தது. அவர் மூக்கும் விரிந்தது.

அவருக்குக் குறையொன்றும் இல்லை. ஃபிரேம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டிக்கொண்டார். வெளியூர்க்காரர்கள் காப்பி குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்து, "யாருங்க, உங்க அண்ணனா?" என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுவார்.