கோபுரத்துக்குப் போகாத கதையும் எங்கள் பெரியண்ணனும்

தவளக்குப்பம் ஸ்வீட் கடையில் இன்று என் பெரியண்ணனைப் பார்த்தேன். கடைக்காரரிடம் என்னைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"எந்தங்கச்சிப்பா. ஏரோப்ளேனுக்கு வழி சொல்ற வேலைக்கு அப்பவே பரீட்சை பாஸ் பண்ணவ. மெட்ராஸுக்கு இட்டுக்கினு போனதே நான்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பாகூர் வீட்டில் ரேடியோவில் ஆங்கிலச் செய்தி ஓடும். அதே நேரத்தில் என் தங்கை எண்களைப் படிப்பாள். செய்தியைக் காதில் வாங்காமல் எண்களை மட்டும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பரீட்சைக்காக மாதக்கணக்கில் இப்படிப் பழகினேன்.

மெட்ராஸ் தேர்வில் ஹெட்போன் வழியாக விமானங்களின் எண், உயரம், திசை எல்லாம் வேகவேகமாக வந்தன. ஒன்றையும் விடாமல் எழுதினேன். தேறினேன்.

விமான நிலையத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலைக்குக் கூப்பிட்டபோது அப்பாவிடம் அண்ணன்தான் சொன்னார். "பொட்டப்புள்ளைக்கு நைட் டூட்டியா? ஊர்ல இன்னா பேசுவானுங்க? வாணாம்பா."

அப்பா தலையாட்டிவிட்டார். அத்தோடு முடிந்தது.

இன்று கடைக்காரர் முன்னாலேயே கேட்டேன். "இட்டுக்கினு போனத சொன்னியேண்ணா, வேலைக்குப் போவாம தடுத்தது யாரு? அதையும் சொல்லு."

அண்ணன் ஸ்வீட் பெட்டியை வாங்கிக்கொண்டே, "அந்தக் காலத்துல எல்லார் வூட்லயும் அப்படித்தாம்மா" என்றார்.

"எல்லார் வூட்லயும் பாஸ் பண்ணல. நான் பண்ணேன்."

பெட்டியோடு கடைப் படியிறங்கிப் போய்விட்டார்.

அவருக்குப் பரிந்துபேச இங்கே கமெண்டில் வருகிறவர்கள் தாராளமாக வரலாம். உங்கள் வீட்டில் நீங்கள் யாரைத் தடுத்தீர்கள் என்று முதலில் எழுதிவிட்டு வாருங்கள்.