தயவுசெய்து உதவ வேண்டாம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நாகமணி அக்கா தன் மோட்டார் சைக்கிளைக் கீழே சாய்த்துவிடுகிறார். தவறி அல்ல, வேண்டுமென்றேதான். வீட்டு முன்னால் கார் ஏறும் சிமெண்ட் தளத்தில் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு, சைட் ஸ்டாண்டை இறக்கிவிட்டு, மறுபக்கமாக மெல்லப் படுக்க வைப்பார். கிட்டத்தட்ட இருநூறு கிலோ. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டிகள், அவற்றுக்குள் பெட்டிக்கு ஒன்றாகப் பொன்னி அரிசி மூட்டை. பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, இடுப்பை சீட்டில் முட்டுக் கொடுத்துக்கொண்டு பின்னோக்கிச் சின்னச் சின்ன அடியாக நடப்பார். வண்டி கூடவே எழுந்து ஸ்டாண்டில் நிற்கும். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுக்க வைப்பார். மொத்தம் மூன்று முறை.

அவருக்கு வயது ஐம்பத்தாறு, உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். எனக்கு நாற்பத்து மூன்று. அதே அரிசி மூட்டை ஒன்றை காரிலிருந்து சமையலறைக்குக் கொண்டுபோவதற்குள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். முதல் தடவை பார்த்தபோது நடைப்பயிற்சியை மறந்து வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். "தூக்கறது இல்லீங்க தம்பி, நடக்கறது. பின்னாடி பாத்து நடக்கோணும், அவ்ளோதான்" என்றார். தாராபுரத்துப் பேச்சு. டெக்சாஸுக்கு வந்து இருபத்தாறு வருடமாகியும் அந்தக் 'கோணும்' அவரை விட்டுப் போகவில்லை.

தபால் பெட்டியில் ஓர் அட்டை தொங்கும். 'பயிற்சி நடக்கிறது, தயவுசெய்து உதவ வேண்டாம்' என்று பட்டை மார்க்கரால் ஆங்கிலத்தில் எழுதியது. நான்கு வருடத்துக்கு முன்னால் எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்: கவிழ்ந்து கிடக்கும் வண்டி, அதன் மேல் சாய்ந்து கண்ணை மூடியிருக்கும் பெண்மணி. உடனே 911-ஐக் கூப்பிட்டுவிட்டார். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் அலறிக்கொண்டு வந்து நின்றன. வந்தவர்களுக்கு அக்கா ஃபில்டர் காபி கொடுத்து, வண்டியை இன்னொரு முறை சாய்த்துத் தூக்கிக் காட்டினாராம். மறுவாரம் அட்டை வந்தது. அந்தப் பெரியவர் இப்போதும் சனிக்கிழமை ஏழு மணிக்கு ஜன்னலுக்கு வந்துவிடுகிறார்.

அக்காவுக்கு வேலை, எங்கள் ஊரான ரிச்சர்ட்சனிலேயே ஒரு டெலிகாம் கம்பெனியில். போன் சிக்னல் எந்த ஊரில், எந்தத் திருப்பத்தில் அறுந்துபோகிறது என்று தேடிப் பிடிக்கும் குழுவுக்குத் தலைவி. வருடம் முழுக்க சிக்னல் இல்லாத இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு, லீவு கிடைத்தால் சிக்னலே இல்லாத ஊருக்குப் போகிறார். ஆஸ்டினில் இருக்கும் மகள் ரோஷினி, "அம்மா, நார்மல் பீப்புள் கோ டு ஹவாய்" என்று போனில் புலம்புவதை நானே ஒருமுறை கேட்டேன். "ஹவாய்ல கூட்டமா இருக்குது கண்ணு" என்பது அக்காவின் பதில்.

தமிழ்ச் சங்க விழாவுக்கு அரிசியும் பருப்பும் சாதம் ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கொண்டுவருவார். அங்கே யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார், "ஏன் இன்னும் சிட்டிசன்ஷிப் அப்ளை பண்ணலை?" என்று. கிரீன் கார்டோடு பதினான்கு வருடமாகக் காலம் தள்ளுகிறார். தேசப்பற்று என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. போன பொங்கல் விழாவில் ஒருவர் மேடையிலேயே பாராட்டிவிட்டார். அக்கா என் பக்கம் குனிந்து, "அமெரிக்கன் பாஸ்போர்ட் எடுத்தா அந்த ஊர் விசாவுக்கு நாய் படாத பாடு படோணும் தம்பி. நம்ம சிங்கம் போட்ட பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைன்லயே வந்துருது. வெளிய சொல்லிப்போடாதீங்க" என்றார். இப்போது எழுதிவிட்டேன், மன்னிக்கவேண்டும்.

அந்த ஊர் என்றால் ரஷ்யாவின் கிழக்குக் கோடி. மகதான் என்ற துறைமுகத்திலிருந்து யாகூத்ஸ்க் வரை இரண்டாயிரம் கிலோமீட்டர் மண்சாலை. சோவியத் காலத்தில் கைதிகளை வைத்துப் போட்டது. வேலை செய்கையிலேயே குளிரிலும் பசியிலும் விழுந்தவர்களைச் சாலையோரத்திலும் சாலைக்குள்ளுமே புதைத்தார்கள் என்பார்கள். எலும்புச் சாலை என்றே அதற்குப் பெயர். நடுவில் நானூறு கிலோமீட்டர் பழைய பாதை ஒன்று உண்டு. அதை எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள், பாலங்கள் ஆற்றோடு போய்விட்டன. உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் சாகச வண்டிக்காரர்கள் அந்தத் துண்டுக்காகத்தான் போகிறார்கள்.

அக்கா அதைச் சாகசம் என்று சொல்வதே இல்லை. "ரோடுன்னு பேரு. கல்லு, சேறு, கொசு. நம்மூரு கொசு இல்லீங்க, ஹெல்மெட்டுக்குள்ள வந்து குடும்பம் நடத்தும்" என்பார். ஆனால் ஒன்று சொன்னார், அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அவர் மேல் ஒரு பயபக்தியே வந்துவிட்டது. அந்தச் சாலையில் தினமும் காலையில் வண்டியைக் கிளப்பும் முன் கையுறையைக் கழற்றிவிட்டு, குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாராம். "தெரியாம ஒருத்தர் மேல கால் பட்டாலே தொட்டுக் கும்பிடறமில்லீங்க. அங்க தெரிஞ்சே சக்கரத்தை ஏத்தறோம்."

2019 ஆகஸ்டில் யாகூத்ஸ்கில் வண்டியை வாடகைக்கு எடுத்துத் தனியாகக் கிளம்பினார். வீட்டில் நிற்பதும் அதே மாடல்தான். பழைய பாதை பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு களிமண் ஏற்றத்தில் வண்டி சரிந்தது. தூக்கத் தூக்க பூட்ஸ் முன்னால் வழுக்கிக்கொண்டு போனது. மழை. ஏழு மணி நேரம் ஒரு ஈ காக்கை வரவில்லை. கரடி வந்தால் விரட்ட ஒரு சத்தக் குழல் வைத்திருந்தார், அதைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் ஒரு லாரி வந்தது. டிரைவர் அறுபதைத் தாண்டியவர், இடுப்பில் அகலமாக பெல்ட் கட்டியிருந்தார். தன் முதுகைத் தொட்டுக் காட்டி, முடியாது என்று கையை விரித்தார். "எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. ஏழு மணி நேரத்துக்கப்புறம் ஒரு ஆளு வந்தா, அவருக்கும் முதுகு வலி!" அந்த மனிதர் போய்விடவில்லை. ஓரத்தில் கிடந்த கல் ஒன்றைக் காலால் உருட்டிக்கொண்டு வந்து அக்காவின் பூட்ஸ் முனைக்கு முன்னால் முட்டுக் கொடுத்து நிறுத்தினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தவாய், தவாய்" என்றார். நடத்து என்று அர்த்தமாம். மூன்றாவது முயற்சியில் வண்டி எழுந்தது. அதற்குள் ஆற்றில் வெள்ளம் ஏறிவிட்டது, பழைய பாதைக்குள் நுழைய வழியில்லை. பக்கத்து ஊரோடு திரும்பிவிட்டார்.

அந்த ஏழு மணி நேரமும் ரிச்சர்ட்சனில் ஒருவர் சாப்பிடவில்லை. கணவர் குமாரசாமி. வங்கி ஒன்றில் டேட்டாபேஸ் பார்க்கிறவர், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர். அக்கா இடுப்பில் செருகியிருந்த சாட்டிலைட் கருவி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் இருக்கும் இடத்தை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டும். "அந்தப் புள்ளி நகரவே இல்லைங்க" என்று மட்டும் குமாரசாமி சொல்வார்.

அக்கா திரும்பி வந்ததும் அவர் ஒரு விதி போட்டார். மூன்று தடவை, பெட்டிகளோடு, ஒருத்தரும் கை வைக்காமல் தூக்கவேண்டும். முடியாவிட்டால் அந்த வருடம் ரஷ்யா கிடையாது. அக்கா சரி என்றார். அவர் சரி என்றால் சரிதான்.

பிறகு கொரோனா வந்தது, போர் வந்தது, எல்லாம் அடைத்துக் கிடந்தது. மறுபடி போகலாம் என்ற நிலை வந்தபோது அக்காவின் வலது தோள் இறுகிப் போனது. சர்க்கரை இருப்பவர்களுக்கு வருவதுதான் என்றார் டாக்டர். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை, சீப்பைப் பிடிக்க முடியவில்லை. எட்டு மாதம் குமாரசாமிதான் தினமும் ஜடை பின்னிவிட்டார். யூட்யூபைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். முதல் மாதம் ஜடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கும், அக்கா அதோடேயே ஆபீஸ் போவார்.

பிப்ரவரியில் மறுபடி சனிக்கிழமைகள் தொடங்கின. முதலில் பெட்டி இல்லாமல் ஒரு தடவை. அப்புறம் இரண்டு. ஏப்ரலில் பெட்டிகளோடு இரண்டு. மூன்றாவது மட்டும் வரவே இல்லை. ஆகஸ்டில் போவதென்றால் ஆறு வார லீவுக்கு மே மாதம் மூன்றாவது திங்கட்கிழமைக்குள் ஆபீஸில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அடுத்த வருடம் என்ற பேச்சுக்கு அக்காவிடம் இடமில்லை. "தோளு அடுத்த வருசம் எப்படி இருக்கும்னு தோளுக்கே தெரியாது தம்பி."

அந்தத் திங்களுக்கு முந்தைய சனிக்கிழமை நான் போயிருந்தேன். முந்தின இரவு இடியும் மழையுமாக இருந்ததில் சிமெண்ட் தளம் இன்னும் ஈரம், அதன்மேல் ஓக் மரத்துப் பூந்தூள் மஞ்சளாகக் குழைந்து கிடந்தது. குமாரசாமி வழக்கம்போல கராஜ் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் உட்காருவார். கை தானாக உதவிக்குப் போய்விடுமாம்.

பக்கத்தில் போய் நின்றேன். "ஜெயிப்பாங்களா?" என்றேன்.

"தோத்தாத் தேவலைங்க" என்றார் என்னைப் பார்க்காமல். "வெக்கத்தை விட்டுச் சொல்றேன். நம்மால இன்னொரு தடவை அந்தப் புள்ளியைப் பாத்துட்டு உக்கார முடியாது."

முதல் தடவை வண்டி சிரமமில்லாமல் எழுந்தது. இரண்டாவதில் பாதியில் ஒருமுறை நின்று பிடியை மாற்றினார், ஆனாலும் வண்டி எழுந்தது. தண்ணீர் குடித்தார். தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்துக்கொண்டார். பிறகு மூன்றாவது முறையாக வண்டியைப் படுக்க வைத்து, குந்தி, பிடித்து, நடக்கத் தொடங்கினார்.

ஓரடி. இன்னோரடி. வண்டி பாதி உயரத்துக்கு வந்துவிட்டது. அங்கே பூட்ஸ் மஞ்சள் குழம்பில் வழுக்கி ஒரு விரற்கடை முன்னால் போனது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் விட மனமில்லை. இருநூறு கிலோவும் அரிசி மூட்டைகளும் அந்தச் சின்ன முதுகில் இருந்தன. பூட்ஸ் இன்னும் கொஞ்சம் வழுக்கியது. எதிர்வீட்டுப் பெரியவர் ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். எனக்குக் கை பரபரத்தது. அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கல்லு இல்லீங்களே இங்க" என்றார் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு. யாரிடமும் கேட்ட மாதிரி இல்லை.

குமாரசாமி எழுந்தார். ஒன்றும் செய்யாமல் இன்னும் பத்து விநாடி உட்கார்ந்திருந்தாலே போதும், அவர் நினைத்தது நடந்திருக்கும். ஆனால் எழுந்து நடந்து போய் அக்காவுக்கு எதிரே நின்றார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தபடியே, தன் வலது பாதத்தை அந்த பூட்ஸ் முனைக்கு முன்னால் வைத்து அழுத்தி ஊன்றினார்.

அக்கா அந்தப் பாதத்தைப் பார்த்தார். ஒரு மூச்சு இழுத்தார். பின்னால் ஓரடி நடந்தார், இன்னோரடி, அப்புறம் கடைசி அடி. வண்டி எழுந்து ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. குமாரசாமி கையைப் பிரிக்கவில்லை. தெருவைப் பார்த்தபடி, காலை ஊன்றிய இடத்திலேயே வைத்திருந்தார்.