மங்களம் சொல்லிக்கொடுத்த மூன்று சீனச் சொற்கள்

"இதுல என்னா போட்டிருக்கு?" என்று யாராவது கேட்டால் போதும், மங்களத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். மலேசியாவின் ஈப்போவில், புந்தோங்கில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் அவளுக்கு ஆர்டர் எடுக்கிற வேலை. வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் துண்டுபோட்டு விற்ற பிறகு டவுனுக்கு வந்தவள், முதலாளியம்மாவிடம் திட்டு வாங்கி வாங்கியே கந்தோனீஸ் சீனம் கற்றாள். அதுவே வினையாகப் போயிற்று. கொய்தியா நூடுல்ஸில் பன்றி இருக்கா, வாந்தான் கொழுக்கட்டையில் மாடு இருக்கா என்று அக்கம்பக்கத்துத் தமிழர்கள் அத்தனை பேரும் அவள் உயிரை எடுத்தார்கள்.

எல்லோரையும் மிஞ்சியவள் மாமியார் கருப்பம்மாள். லோரி மோதிக் கால் நொறுங்கிய மகன், மங்களத்தின் புருஷன் ஜெயபாலன் கைத்தடி இல்லாமல் நடந்தால், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். 1978 கடைசியில் அவன் நடந்தான். மஞ்சள் சேலை கட்டி விரதத்தில் உட்கார்ந்தவள், மருமகள் வேலை முடிந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள். அது சைவமா? இது சைவமா?

ஒரு நாள் மங்களம் வெடித்தாள்.

"அய்யோ அத்தே! சீ-ன்னா பன்னி. கை-ன்னா கோழி. ஙாவ்-ன்னா மாடு. பேருல இது மூணும் இல்லன்னா சாப்புடுங்க லா, ஆள விடுங்க!"

கருப்பம்மாள் மூன்றையும் மந்திரம்போல மனப்பாடம் செய்துகொண்டாள். அதன்பின் கேள்வியே இல்லை. அப்பாடா என்றிருந்தது மங்களத்துக்கு.

தைப்பூசத்துக்கு முந்திய சாயங்காலம், அடுப்படி அலமாரியில் சீனி டப்பாவைத் தேடியபோது காகிதப் பொட்டலம் ஒன்று கையில் தட்டுப்பட்டது. உள்ளே ஹியோங் பெங், எள் தூவிய உருண்டை பிஸ்கட்.

"இது யாரு வாங்குனது?"

"நான்தான். தெனமும் நாலு மணி தேத்தண்ணிக்கு ரெண்டு. ஹியோங்-ன்னா வாசமாம், விக்கிற சீனத்தி சொன்னா. பேருல சீயும் இல்ல, கையும் இல்ல."

மங்களம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். சொன்னால் நாளைக்குக் கிழவி குடத்தைத் தொட மாட்டாள். மகன் கால் மறுபடி போய்விடும் என்று அழுதே செத்துப்போவாள். சொல்லாவிட்டால் சாமி குற்றம். என்ன எழவுக்கு அன்றைக்கு வாயைத் திறந்தோம் என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"அத்தே, அந்த மாவப் பன்னிக் கொழுப்புலதான் பிசைவாங்க."

கருப்பம்மாளுக்கு முகம் செத்துப்போனது. பொட்டலத்தைப் பார்த்தாள். கூடத்தில் நடந்துகொண்டிருந்த மகனைப் பார்த்தாள்.

"அப்ப வண்டியில விக்க வர்ற அந்த சீ சியோங் ஃபன்?"

"சுருட்டுனா பன்னிக் குடல் மாதிரி இருக்குன்னு வச்ச பேரு அது. வெறும் அரிசி மாவுதான். நம்ம வாசலுக்கு வர்றவன் அதுமேல சாஸும் எள்ளும்தான் போடுவான்."

"அதுன்னா எனக்கு உசுருடி. அவன் வண்டி வந்து நிக்கிறப்பல்லாம் நாக்கு ஊறும். பேருல சீ இருக்கேன்னு கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்துருவேன். முருகா, என் புள்ள கால விட்டுக் குடுத்துராதேன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்." அவள் குரல் உடைந்தது. "அத விரதமா எடுத்துக்குவானாடி அந்த முருகன்?"

மங்களத்துக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"எடுத்துக்கலன்னா அவருகிட்ட நான் பேசிக்கிறேன். எந்திரிச்சுப் போயி குடத்தக் கழுவுங்க!"